டிரிபிள் ஈ படித்தால் கம்பத்தில் ஏறணுமா? – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் சப்ஸ்டேஷன் கட்டுரைகளை எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒருத்தி பகிர்ந்திருந்தாள். அப்படித்தான் உங்கள் தளத்துக்கு வந்தேன். அரசுப் பொறியியல் கல்லூரியில் டிரிபிள் ஈ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரிங்) படிக்கிறேன். இரண்டாம் வருஷம் முடியப் போகிறது. ஊர் கயத்தாறு பக்கம் ஒரு கிராமம். அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். கவுன்சிலிங்கில் என் கட்-ஆஃபுக்கு அரசுக் கல்லூரியில் கிடைத்தது இந்தப் பிரிவுதான். தனியாரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கும், ஃபீஸ் கட்ட வழியில்லை.

வீட்டில் இப்போது தினமும் இதே பேச்சு. சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் சித்தப்பா, “கோர் வேலை, அதாவது படிச்ச துறையிலயே வேலைன்னு ஒண்ணுமே கிடையாது. பைத்தான் படி, ப்ளேஸ்மென்ட்ல எதுலயாவது ஏறிக்கோ” என்கிறார். அம்மாவின் கவலை வேறு. “பொம்பளப் பிள்ளை கரண்டு கம்பத்துல ஏறவா இம்புட்டுக் கடன் வாங்கிப் படிக்க வைக்கோம்?” என்று கேட்கிறாள். சீனியர்களிலும் பாதிக்கு மேல் ஐடிக்குத்தான் போயிருக்கிறார்கள்.

எலக்ட்ரோமேக்னடிக் தியரியில் எனக்கு அரியர். அந்தப் பாடம் எதற்கு என்றே தெரியவில்லை. மெஷின்ஸ் லேப் மட்டும் பிடிக்கிறது. ஆனால் அங்கே கனெக்‌ஷன் போடுவது பையன்கள்தான், நாங்கள் ரீடிங் எழுதுவோம்.

உண்மையிலேயே இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா? பெண்களுக்கு அது சரிப்படுமா? இந்த விடுமுறையில் நான் என்ன செய்யலாம்? பதில் எழுதினால் பெயரைப் போட வேண்டாம் சார்.

இப்படிக்கு,
ஒரு மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் ஏறப்போவது நீங்கள் இல்லை. ஏறுகிறவர் ஐடிஐ முடித்த வயர்மேன், அல்லது ஒப்பந்தக் கூலிக்கு வந்த யாரோ ஒருவர். அவர் ஏறுவதற்கு முன், லைனில் கரண்டு இல்லை, வேலை செய்யலாம் என்று லைன் கிளியர் கொடுக்க வேண்டும். லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சின் மூன்று பிளேடும் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போட்டாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் போதாதா என்றால் போதாது, பக்கத்துக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் தப்பான கனெக்‌ஷனில் ஓடினால் செத்த லைனுக்குப் பின்பக்கமாக உயிர் வந்துவிடும். கடைசியில் எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று தலையை எண்ணிவிட்டு, லைனைத் திரும்பச் சார்ஜ் பண்ணலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துதான் எஞ்சினியரின் வேலை. கம்பத்தில் ஏறுவதைவிட இது லேசானது என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

பெண்களுக்குச் சரிப்படுமா என்ற கேள்விக்கு 80 வருஷத்துக்கு முன்பே கிண்டியில் ஒருவர் பதில் சொல்லிவிட்டார். அய்யலசோமயாஜுல லலிதா. 1919-ல் சென்னையில் பிறந்தவர், தெலுங்குக் குடும்பம். 15 வயதில் கல்யாணம். 18 வயதில், மகள் பிறந்து நான்கே மாதத்தில், கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டில் என்ன இடம் இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவருடைய அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகல் பேராசிரியராக இருந்தார். மகளை அங்கேயே சேர்த்துவிட்டார். 1943-ல் லலிதா படிப்பை முடித்தார். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் அவர்தான். சான்றிதழில் ‘அவன்’ என்று மட்டும்தான் அச்சடித்து வைத்திருந்தார்களாம், அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். பிறகு கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாதன கம்பெனியில் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணையிலிருந்து மின்சாரம் கொண்டுபோகும் திட்டத்தில் அவர் கை இருக்கிறது. 1964-ல் நியூயார்க்கில் பெண் எஞ்சினியர்களுக்கும் விஞ்ஞானிகளுக்குமான முதல் சர்வதேச மாநாடு நடந்தபோது அதற்கும் போய் வந்தார்.

லலிதா கதையைப் படித்துவிட்டுப் பெருமைப்படுவது பெரிய காரியமில்லை. அடுத்த மெஷின்ஸ் லேபில் கனெக்‌ஷனை நீங்கள் போடுங்கள், ரீடிங்கைப் பையன்கள் எழுதட்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அரியர் இல்லை, இந்த ஒரு வரிதான். டிசி ஷன்ட் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணும்போது காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு சுருளின் ரியோஸ்டாட்டை (கூட்டிக் குறைக்கும் மின்தடையை) மினிமத்திலும், சுற்றுகிற ஆர்மேச்சரின் ரியோஸ்டாட்டை மேக்ஸிமத்திலும் வைக்கச் சொல்வார்கள். ரெக்கார்டு நோட்டில் ‘முன்னெச்சரிக்கை’ என்ற தலைப்பில் நீங்களும் எழுதியிருப்பீர்கள். லோடு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஃபீல்டு ஒயர் கழன்றுவிட்டால் மோட்டார் நிற்கும் என்றுதான் புதிதாகப் படிக்கிற எல்லோரும் நினைப்பார்கள். நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். காந்தப்புலம் குறையக் குறைய, அதை ஈடுகட்ட மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றப் பார்க்கும். ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து வைத்திருக்கும் அந்தச் சின்ன காயிலை ஃபீல்டோடு தொடராகக் கோத்து வைத்திருப்பது இதற்காகத்தான். ஃபீல்டு போனால் காயில் விடும், கைப்பிடி ‘டப்’பென்று பழைய இடத்துக்குத் திரும்பும். உங்கள் கை அந்தக் கைப்பிடியில் இருந்தால் ஒரு நாளில் புரிந்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்து ரீடிங் எழுதினால் நாலு வருஷத்திலும் புரியாது.

சரி, சித்தப்பாவுக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் ஓஎம்ஆரில் இருந்து பார்த்தால் கோர் வேலை கண்ணில் படாது. ஐடி கம்பெனிகள் எந்தப் பிரிவுப் பிள்ளைகளையும் வாரி எடுத்துக்கொள்கின்றன. கல்லூரி வாசலுக்கே பஸ் வந்து நிற்கிற மாதிரி. எலக்ட்ரிகல் வேலை அப்படி வாசலுக்கு வராது. கரண்டு எங்கே இருக்கிறதோ அங்கே நாம் போக வேண்டும், அது பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். சித்தப்பா எழுதும் ப்ரோக்ராம் ஓடுவது ஏதோ ஒரு டேட்டா சென்டரில். சென்னையிலேயே அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அப்படிப்பட்ட கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. உள்ளே கம்ப்யூட்டருக்கு இருக்கிற அதே கவனம் டிரான்ஸ்ஃபார்மருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் பேட்டரிக்கும் ஜெனரேட்டருக்கும் ஏசிக்கும் இருக்கும். ஒரு நொடி கரண்டு தடுமாறக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் நம்ம ஆள்.

கரண்டு இருக்கிற இடம் என்றேனே, அதற்குப் புகளூரைச் சொல்லலாம். கரூர் மாவட்டம். முன்பெல்லாம் சர்க்கரை ஆலை, காகித ஆலை என்றால்தான் அந்த ஊர் பெயர் வரும். இன்று சத்தீஸ்கரின் ராய்கர் அருகில் இருந்து 1,700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வரும் 800 கேவி (எட்டு லட்சம் வோல்ட்) டிசி லைன், அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தின் லைன், அந்த ஊர் பெயர் வைத்த நிலையத்துக்குத்தான் வந்து சேர்கிறது. 6,000 மெகாவாட் கொண்டுவரும் லைன். கூடங்குளத்தில் இப்போது ஓடும் இரண்டு யூனிட்டும் சேர்ந்து 2,000 மெகாவாட்தான், அதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளுங்கள். அவ்வளவு தூரத்துக்கு ஏசியில், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரமாக, அனுப்பினால் லைனே தன் பங்குக்குக் கெபாசிட்டராகவும் இண்டக்டராகவும் நடந்துகொண்டு தொல்லை கொடுக்கும். அதனால் அங்கே டிசியாக மாற்றி அனுப்பி, புகளூரில் திரும்ப ஏசியாக்குகிறார்கள். உங்கள் மூன்றாம் வருஷ பவர் எலக்ட்ரானிக்ஸ் பாடத்தில் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச் வரும் இல்லையா, சுண்டுவிரல் அளவில் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அங்கே அதையே சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெரிதாகச் செய்து, அடுக்கடுக்காகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த வேலைக்குப் பெங்களூரில் இருந்துகொண்டு போக முடியாது, நிலையத்துக்குப் பக்கத்தில்தான் வீடு பார்க்க வேண்டும்.

இன்னொரு சம்பவம். 2020 ஏப்ரல் 5, ராத்திரி 9 மணி. கொரோனா ஊரடங்கு. ஒன்பது நிமிஷம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு அகல் ஏற்றச் சொன்னார்கள். நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள், மொட்டை மாடிக்குப் போயிருப்பீர்கள். நாடு முழுக்க மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையான கிரிடைப் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டு மையங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் அன்று எந்த மாடிக்கும் போகவில்லை. கிரிட் முழுவதற்கும் போதுகிற அளவுக்குக் கரண்டைச் சேர்த்து வைக்கும் அண்டா எதுவும் கிடையாது. செலவாகிற அளவுக்கு அந்த நொடியில் உற்பத்தி ஆக வேண்டும், இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் என்ற அந்த எண் ஏறும் அல்லது இறங்கும், எல்லை மீறினால் மின்நிலையங்கள் தாமாகவே கழன்றுகொள்ளும். அன்று நாடு முழுக்க ஒரே சமயத்தில் சுமார் 31,000 மெகாவாட் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறியது. அனல்மின் நிலையத்தை அப்படி நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது, பாய்லர் கேட்காது. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே நிறைய ஓடவிட்டு, விளக்குகள் அணைந்தபோது சரசரவென்று இறக்கி, திரும்ப ஏற்றினார்கள். ஒரு ஊரிலும் இருட்டடிப்பு வரவில்லை. வராததால் யாருக்கும் அவர்களைத் தெரியவில்லை. இந்தத் தொழிலில் அது சகஜம். ஒழுங்காக நடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், பத்து நிமிஷம் போனால் “கரண்டு எப்ப சார் வரும்?” என்று போன் மேல் போன் வரும்.

நான் தப்பு பண்ணிய கதை ஒன்றும் சொல்கிறேன். படிப்பு முடிந்ததும் ரிலே டெஸ்டிங் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். மாதம் 1,800 ரூபாய், பஸ் செலவு தனி. ஏழாவது மாதம் ஒரு சிமெண்ட் ஆலையில் புது டிரான்ஸ்ஃபார்மர். 110 கேவி உள்ளே, 11 கேவி வெளியே. அதற்குக் காவலாக டிஃபரன்ஷியல் ரிலே இருக்கும். அது பார்ப்பது பால்காரர் கணக்குதான். கொண்டுவந்தது எவ்வளவு, ஊற்றியது எவ்வளவு. இரண்டும் ஒத்துப்போனால் சும்மா இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் நடுவில் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், உடனே பிரேக்கரைத் தட்டிவிடும். சாயங்காலம் தேங்காய் உடைத்துச் சார்ஜ் செய்தோம். நின்றது. லட்டு கொடுத்தார்கள். லோடு ஏற்றினார்கள். டிரிப். மறுபடி ஏற்றினார்கள். மறுபடி டிரிப். ராத்திரி ஒன்றரை மணிக்கு, டிரான்ஸ்ஃபார்மரே கோளாறு, செய்தவர்களைக் கூப்பிடலாம் என்று ஆலைக்காரர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்களோடு வந்திருந்த ஃபோர்மேன் எட்டாவது வரை படித்தவர். பீடியை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார். “லோடு இல்லாதப்ப நிக்குது. லோடு வந்தா விழுது. கழிக்க வேண்டியதக் கூட்டுது தம்பி” என்றார். ஷட்டவுன் வாங்கி, எர்த் போட்டு, 11 கேவி பேனலின் பின்கதவைத் திறந்தோம். இரண்டு டார்ச் செல்லை ஒயரால் கட்டி எடுத்துக்கொண்டார். நடுவில் பூஜ்யம் உள்ள முள் மீட்டரைச் சிடியின், அதாவது ரிலேவுக்குக் கரண்டை அளந்து சொல்லும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரின், செகண்டரியில் மாட்டிவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். செல்லின் ஒயரை பிரைமரியில் தொட்ட நொடியில் முள் வலது பக்கம் ஒரு துள்ளு துள்ள வேண்டும். இடது பக்கம் துள்ளியது. மூன்று பேஸிலும். எஸ்1 இருக்க வேண்டிய இடத்தில் எஸ்2 ஒயர். எந்த ஒயர் எது என்று காட்டும் ஃபெரூலை மாட்டியது நான். சார்ஜ் செய்வதற்கு முன் ஸ்டெபிலிட்டி டெஸ்ட் என்று ஒன்று உண்டு, அதைச் செய்திருந்தால் முந்தின நாளே தெரிந்திருக்கும். நேரமாகிவிட்டது என்று அதைத் தாண்டிப் போனதும் நான்தான்.

கிர்க்காஃப் 1845-ல் தன் விதிகளை எழுதியபோது அவருக்கு வயது 21, கோனிக்ஸ்பெர்க்கில் மாணவர். ஒரு முனைக்குள் போகும் கரண்டும் வெளியே வரும் கரண்டும் சமம். அதைப் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். அந்த ராத்திரி அது என் கண் முன்னால் நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. எட்டாவது படித்தவருக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஃபோர்மேன்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்.

வேலைகளின் பட்டியல் உங்களுக்கு எந்தச் சீனியரும் சொல்வார், வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். மின்வாரியம் 1957-ல் தொடங்கியது. 2010-லும் 2024-லும் பிரித்துப் புதுப்புதுப் பெயர் வைத்தார்கள், ஜனங்களுக்கு இன்னும் அது ஈபிதான். அங்கே ஏஇ (உதவிப் பொறியாளர்) வேலைக்கு எப்போது அழைப்பு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் எழுதுங்கள், அதற்காக வருஷக்கணக்கில் வீட்டில் உட்காராதீர்கள். மத்தியப் பொதுத்துறைக்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண்தான் பெரிய வாசல். மூன்றாம் வருஷத்திலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். யூபிஎஸ்சியின் எஞ்சினியரிங் சர்வீஸில் நான்கு பிரிவுகளில் ஒன்று எலக்ட்ரிகல். ரயில்வேயில் 25 கேவி மேல்கம்பியும் எஞ்சினும் நம்மை நம்பித்தான் ஓடுகின்றன. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. தனியாரில் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மின்சார ஸ்கூட்டர், கோயம்புத்தூரில் மோட்டாரும் பம்பும், எல்லா ஊரிலும் பேனல் கட்டுகிறவர்கள், கேபிள் அளவு கணக்குப் போடும் டிசைன் ஆபீஸ்கள். கொஞ்ச வருஷ அனுபவத்தோடு வளைகுடா. தனியாரில் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் ஐடியைவிடக் குறைவாக இருக்கும், அதை மறைத்துப் பயனில்லை. கடன் உடனே அடைக்க வேண்டிய வீடு என்றால் ஐடிக்குப் போங்கள், அதில் ஒரு அவமானமும் இல்லை. பயந்துகொண்டு போகாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். பைத்தானைச் சித்தப்பா சொன்னபடியே படியுங்கள். எந்த லைனில் எவ்வளவு கரண்டு ஓடும் என்று பார்க்கும் லோடு ஃப்ளோ கணக்கை அதில் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் உதவும்.

அரியர் பாடத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரைச் சுற்றிப் பெரிய பெரிய டவர் லைன்கள் போகும். அடுத்த தடவை பஸ்ஸில் போகும்போது அண்ணாந்து பாருங்கள். 110 கேவி லைனில் ஒரு பேஸுக்குப் பெரும்பாலும் ஒரே கம்பிதான் இருக்கும். 400 கேவி லைனில் இரண்டு கம்பி, சிலதில் நான்கு, நடுநடுவே ஸ்பேசர் போட்டு ஜோடியாக இழுத்திருப்பார்கள். ஒரே தடித்த கம்பியாகப் போட்டிருக்கலாமே? கம்பி மெலிதாக இருந்தால் அதன் மேல்பரப்பில் மின்புலம் கூர்மையாகி, சுற்றியிருக்கும் காற்றையே கிழித்துவிடும். தூறல் விழும் ராத்திரியில் பெரிய லைனுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றால் ‘ங்ங்ங்’ என்று ஒரு ரீங்காரம் கேட்கும், அதுதான் கொரோனா. கிருமி வருவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே நாங்கள் வைத்திருந்த பெயர். ஜோடிக் கம்பி தள்ளித் தள்ளி நிற்பதால், மின்புலத்தைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய தடித்த கம்பி மாதிரி நடந்துகொள்ளும். எடையோ இரண்டு கம்பியின் எடைதான். காஸ் விதியை இந்தக் கம்பியை வைத்துப் படியுங்கள், அரியர் போய்விடும்.

விடுமுறைக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். நீங்கள் சென்னைக்கு வர வேண்டாம். காற்றாலை எஞ்சினியர்கள் தேடி வரும் ஊர் உங்களுடையது. காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசின் நிலையமே கயத்தாறில்தான் இருக்கிறது. சப்ஸ்டேஷன்களும் பக்கத்திலேயே. கல்லூரியில் துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கி, இரண்டு மூன்று இடத்தில் நேரில் போய்க் கொடுங்கள். மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது. பதினைந்து நாள் போதும். வைகாசியில் ஏறும் காற்று புரட்டாசியில் அடங்கிவிடும், அதனால் இப்போதே போங்கள்.

போனதும் கியர் பாக்ஸ் வைத்த பழைய காற்றாடி ஒன்றின் ஜெனரேட்டர் நேம் பிளேட்டைக் காட்டச் சொல்லுங்கள், மேலே ஏற விடாவிட்டால் ஃபோட்டோவாவது இருக்கும். நாலு போல் மெஷின், 50 ஹெர்ட்ஸ் என்றால் கணக்குப்படி நிமிஷத்துக்கு 1,500 சுற்றுதான் வர வேண்டும். அதில் 1,500-க்குக் கொஞ்சம் மேலே போட்டிருப்பார்கள். லேபில் நீங்கள் ஓட்டிய இண்டக்‌ஷன் மோட்டாரில் அந்த எண் 1,500-க்குக் கீழே இருந்திருக்கும். ஏன் என்று யோசித்து எனக்கு எழுதுங்கள். பருத்திச் சட்டை, மூடிய ஷூ, துப்பட்டா வேண்டாம், கழுத்துச் செயினையும் வளையலையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். டிபன் பாக்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், அந்தப் பொட்டலில் பக்கத்தில் கடை கண்ணி இருக்காது.

அன்புடன்.